பழைய புடவையைத் தராசில் வைக்கலாமா?

பழைய சரக்கு என்றாலே நமக்கு முகம் சுளிக்கும். போன வருடத்து மிளகாய் வற்றல் நிறம் மங்கிவிடும். நாள்பட்ட பருப்பில் வண்டு விழும். தேதி தாண்டிய பிஸ்கட்டைத் திருப்பி எடுக்க ஏஜெண்டு மனது வைக்கமாட்டார். பழைய அரிசி ஒன்றுக்குத்தான் நம் கடையில் கூடுதல் விலை உண்டு. நல்ல பழைய துணியும் அந்த அரிசியைப் போன்றதுதான் என்பது நமது கட்சி.

மதுரை கீழமாசி வீதியில் பருப்பு, மிளகாய், மல்லி மொத்த வியாபாரம் செய்யும் நமக்கும் துணிமணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தொழில் வேறு, ஆசை வேறு. தந்தையார் உடுத்திய மல் வேட்டிகளும், தாயாரின் சுங்குடிப் புடவைகளும், நாம் பள்ளிக்கூடம் போன காலத்து டெரிகாட்டன் சட்டையும் ஒரு டிரங்குப் பெட்டியில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. எழுபதுகளில் நாம் தைத்துப் போட்ட பெல்பாட்டத்தைப் பார்த்து, இதுதான் இப்போதைய பேஷன் என்று பேரன் கேட்டு வாங்கிப் போனான். இந்தப் பழந்துணிப் பைத்தியத்துக்கு 2025-ஆம் ஆண்டின் நவராத்திரி முதல் தீபாவளி வரையிலான ஒரு மாதம் நிறைய வேலை கொடுத்தது. அதைப் பற்றியே இக்கட்டுரை.

செப்டம்பர் 22

அந்த வருடம் நவராத்திரி செப்டம்பர் 22-ந் தேதி தொடங்கியது. அன்றுதான் புதிய ஜி.எஸ்.டி. விகிதங்களும் அமலுக்கு வந்தன. சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. நெய்யும் வெண்ணெயும் 12-லிருந்து 5-க்கு வந்தன. தைத்த ஆடைகளில் உருப்படி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம் என்று ஆயிற்று. பழைய இருப்புக்குப் புதிய எம்.ஆர்.பி. ஒட்டுவதும், பில் போடும் கம்ப்யூட்டரைத் திருத்துவதும், "டி.வி.யில் குறைத்துவிட்டதாகச் சொன்னார்களே" என்று கேட்கும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வதுமாக நம் எல்லோருக்கும் அந்த வாரம் ஓடியது.

அதே செப்டம்பர் 22 மதுரைக்கு இன்னொரு வகையிலும் முக்கியமான தேதி. 1921-ல் அதே நாளில், நமது கடையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்த காந்தியடிகள், சட்டையையும் குல்லாயையும் விட்டு அரைவேட்டிக்கு மாறினார். கதர் வாங்கும் வசதி இல்லாத ஏழைக்கு எவ்வளவு துணி கிடைக்கிறதோ அவ்வளவே தமக்கும் போதும் என்பது அவர் போட்ட கணக்கு. 1931-ல் லண்டன் அரண்மனையில் மன்னரைப் பார்க்கப் போனபோதும் அந்த உடையை அவர் மாற்றவில்லை. ஒருவர் உடுத்தும் துணியில் பகட்டு மட்டும்தான் இருக்கிறது என்று யாராவது சொன்னால், மேலமாசி வீதியைக் காட்டினால் போதும்.

வெள்ளி ஏறியது, புடவை எரிந்தது

ஆயுத பூஜை முடிந்து தீபாவளி வியாபாரம் சூடுபிடிக்கும் நேரத்தில் வெள்ளி விலை நாளுக்கு நாள் ஏறியது. அக்டோபர் நடுவில் சென்னை மார்க்கெட்டில் கிராம் 200 ரூபாயைத் தாண்டியது. தங்கம் கிராம் 11,000 ரூபாய்க்கு மேல் போனது. உடனே நம் தெருக்களில், "பழைய பட்டுப் புடவைக்குப் பணம்" என்று கூவிக்கொண்டு வருகிறவர்கள் அதிகமானார்கள்.

இந்த வியாபாரம் புதிதல்ல. வாங்குகிற புடவையை அவர்கள் யாருக்கும் உடுத்தக் கொடுப்பதில்லை. எரித்து, சாம்பலை உருக்கி, ஜரிகையிலுள்ள வெள்ளியை எடுத்துவிடுவார்கள். இரண்டு பேர் தறியில் உட்கார்ந்து பல நாள் கோர்வை போட்டு நெய்த கரை அரை மணி நேரத்தில் சாம்பலாகிறது.

ஒரு நாள் பிற்பகல், நமது கடையில் பல வருடமாகச் சிட்டை வைத்திருக்கும் வயதான அம்மா ஒருவர் மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே இரண்டு பட்டுப் புடவைகள்.

"அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் நிறுத்துச் சொல்லுங்க. வாசல்ல நிக்கிறவர் ரெண்டுக்கும் சேர்த்து ஏழாயிரம் தாரேங்கிறார்."

"எதுக்கும்மா விக்கிறீங்க?"

"கண் ஆபரேஷனுக்குக் கொஞ்சம் குறையுது. பெட்டியில சும்மாதானே கிடக்கு."

பருப்பு நிறுக்கும் தராசில் வைத்தால் புடவை ஒன்று முக்கால் கிலோவுக்கு மேல் நின்றது. ஆனால் அந்த எடையை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. பட்டின் எடை வேறு, ஜரிகையின் எடை வேறு. ஆகவே ஒரு சிட்டைக் காகிதத்தில் அந்த அம்மாவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினோம்.

காஞ்சிபுரத்தில் ஜரிகையை மார்க் கணக்கில் சொல்வார்கள். ஒரு மார்க் என்பது சுமார் 240 கிராம். தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் தரும் அளவின்படி, அசல் ஜரிகையில் வெள்ளி 40 சதவீதம், செம்பு 35.5, பட்டு 24, தங்கம் 0.5 சதவீதம். புடவையில் அரை மார்க் ஜரிகை இருப்பதாக வைத்துக்கொண்டால் 120 கிராம். அதில் வெள்ளி 48 கிராம். கிராம் 200 என்றால் 9,600 ரூபாய். தங்கம் அரை கிராமுக்குச் சற்று மேல். அதற்கு 6,000 ரூபாய்க்குக் குறையாது. உருக்குக் கூலி, சேதாரம் எல்லாம் கழித்தாலும் ஒரு புடவைக்கு 3,500 என்பது அடிமாட்டு விலை. முந்தைய காலத்து ஜரிகையில் வெள்ளி இதைவிடக் கூடுதலாகவே இருந்தது.

இரண்டில் ஒன்று மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, உடுத்த வழியில்லாமல் இருந்தது. அதை நகைக்கடை வீதியில் உரசிப் பார்த்து விலை சொல்லும் இடத்துக்கு அனுப்பினோம். வாசலில் இரண்டுக்கும் சேர்த்துக் கேட்ட தொகையைவிட அந்த ஒன்றுக்கே கூடுதலாகக் கிடைத்தது. ஆபரேஷன் செலவுக்கு ஆயிற்று. மற்றொன்று அரக்கு நிறத்தில் பச்சைக் கரை போட்ட கல்யாணப் புடவை. உடல் பகுதியும் கரையும் உறுதியாக இருந்தன. அதை விற்க வேண்டாம் என்றோம். தீபாவளியன்று பேத்தி அதற்குப் புது ஜாக்கெட் தைத்து உடுத்திக்கொண்டு வந்து காட்டினாள். கிழிந்த புடவை எரிந்ததில் நமக்கு வருத்தம்தான். ஆனால் கண்ணைவிடப் புடவை பெரிதல்ல. பணத் தேவை உள்ளவர் விற்கட்டும். விவரம் தெரிந்து விற்கட்டும் என்பதே நமது கருத்து.

நம்ம ஊர்ச் சரக்கு

பட்டுக்கு வெள்ளியாவது ஒரு விலை சொல்கிறது. பருத்திச் சுங்குடிக்கு அதுவும் இல்லை. கைப்பிடித் துணியாகவும் தரை துடைக்கவும் போய்விடுகிறது. மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு 2005-ல் கிடைத்தது. சௌராஷ்டிரப் பெண்கள் துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்தபின் முடிச்சை அவிழ்ப்பார்கள். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். இன்று கடைகளில் சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி அச்சடித்த புள்ளிதான். அடையாளம் காண்பது எளிது. கைமுடிச்சில் எந்த இரண்டு புள்ளியும் ஒன்றுபோல இராது. முடிச்சு இருந்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கியிருக்கும். அச்சில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவில், வரிசை பிசகாமல் இருக்கும். வீட்டுப் பரணில் கைமுடிச்சுச் சுங்குடி இருந்தால் தரை துடைக்கப் போடாதீர்கள்.

மளிகைக்கும் துணிக்கும் உறவு

மைதா மூட்டைத் துணியில் தலையணை உறையும் அரை டவுசரும் தைத்துப் போட்ட தலைமுறை நம்முடையது. அமெரிக்காவில் இதையே ஒரு வியாபார உத்தியாக்கினார்கள். மாவு வந்த துணிப்பையில் பெண்கள் உடை தைப்பதைக் கண்ட ஆலைக்காரர்கள், 1930-களில் பூப்போட்ட துணியிலேயே பை தைத்து மாவையும் தீவனத்தையும் அடைத்து விற்றார்கள். பையிலிருந்த கம்பெனிப் பெயரைத் துவைத்தால் போகும் மையில் அச்சடித்தார்கள், அல்லது உரித்து எடுக்கும் காகிதமாக ஒட்டினார்கள். ஒரே நிறத்தில் ஒரு கவுனுக்கு வேண்டிய பைகள் சேரும்வரை வாடிக்கையாளர் அதே மாவைத் தேடி வந்தார். அப்படித் தைத்த உடை வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இன்று வைக்கப்பட்டிருக்கிறது. அன்றைக்கு மாவு மூட்டையாக இருந்தது இன்றைக்குக் காட்சிப் பொருள்.

நம் கல்லாவுக்கு அருகில் செய்யக்கூடியவை

பழந்துணியைக் காப்பாற்றுவதற்கு வேண்டிய சரக்கு பெரும்பாலும் நம் கடையிலேயே இருக்கிறது. கேட்கிற வாடிக்கையாளருக்குச் சொல்ல நாலு விஷயம்:

1. பூந்திக்கொட்டை. பழைய பருத்திப் புடவைக்குச் சோப்புத் தூளைவிட இது இதமானது. ஊறவைத்துக் கசக்கிய தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். ஜரிகைப் பட்டை வீட்டில் நனைக்காமல் டிரைகிளீனிங்குக்குக் கொடுப்பதே நல்லது.

2. அந்துருண்டை ஜரிகையில் படக்கூடாது, நிறம் கறுத்துவிடும். வசம்பையோ காய்ந்த வேப்பிலையையோ சிறு துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் வைக்கலாம். இரண்டும் நம் கடையில் பத்து, இருபது ரூபாய் வியாபாரம்.

3. பட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மூட வேண்டாம். பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றினால், மடித்த இடத்தில் விட்டுப்போகாது.

4. விற்க நினைத்தால், முதலில் ஜரிகையில் ஒரு நூலைக் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். அசல் ஜரிகையில் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். அதன்பின் வாசலில் நிற்பவரிடம் போகாமல், சோதித்து விலை சொல்லும் இரண்டு கடைகளிலாவது விசாரிக்கட்டும். புடவையை எரிக்காமல் உடுத்துவதற்காகவே வாங்கும் ஆட்களும் இன்று இருக்கிறார்கள். அவர்களிடமும் ஒரு விலை கேட்கலாம்.

நாம் தராசைப் பிடித்துப் பிழைக்கிறவர்கள். முத்திரை போட்ட தராசு பொய் சொல்லாது என்ற நம்பிக்கையில்தான் அந்த அம்மா புடவையை நம்மிடம் நிறுக்கக் கொண்டுவந்தார். ஆனால் தராசு எடையைத்தான் சொல்லும்; மதிப்பை நாம்தான் சொல்ல வேண்டும். தேவைக்கு ஒருவர் விற்கும்போது பொருளின் சரியான மதிப்பை அறிந்து விற்கச் செய்வது வியாபாரியின் கடமை. அந்த உதவிக்கு நமக்குக் கமிஷன் கிடையாது. ஆனால் அந்த அம்மா இன்றும் மாதச் சாமானுக்கு வேறு கடைக்குப் போவதில்லை.

வெள்ளி விலை ஏறும், இறங்கும். எரிந்த புடவை திரும்பி வராது. ஆகவே அடுத்த பண்டிகை மாதத்தில் உங்கள் கடைக்கு யாராவது மஞ்சள் பையில் பழைய பட்டைக் கொண்டுவந்தால், நிறுத்துக் கொடுப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கை ஒருமுறை அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள் என்று வணிக நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.