நைட் ஷிப்டுக்குச் சாக்லேட் உதவுமா?

மீஞ்சூர் வட்டாரத்தில் ராத்திரியும் வேலை நேரம்தான். அத்திப்பட்டு அனல்மின் நிலையம், காட்டுப்பள்ளித் துறைமுகம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை எதுவும் இருட்டியதும் கதவடைப்பதில்லை. கண் சொருகும் வேளையில் பலர் டீ குடிக்கிறார்கள். சிலர் சட்டைப் பையிலிருந்து சாக்லேட்டை எடுக்கிறார்கள். அதில் காஃபின் இருப்பது உண்மை. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

100 கிராம் மில்க் சாக்லேட்டில் சுமார் 20 மில்லிகிராம் காஃபின். பெட்டிக்கடையில் வாங்கும் 10 கிராம் துண்டில் வெறும் 2 மில்லிகிராம். 150 மில்லி டீயில் 30 முதல் 65 மில்லிகிராமும், டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராமும் இருப்பதாகச் சொல்கிறது ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். டீக்கடை கிளாஸ் அதில் பாதிதான் பிடிக்கும் என்றாலும், அதற்கு ஈடுகட்ட ஏழெட்டுச் சாக்லேட்டாவது தின்ன வேண்டும்! கோகோ மிகுந்த டார்க் சாக்லேட்டில் காஃபின் நான்கு மடங்கு. வெள்ளைச் சாக்லேட்டில் கோகோ வெண்ணெய் மட்டுமே என்பதால் அநேகமாக எதுவுமில்லை.

காஃபினுக்கு அண்ணன்

சாக்லேட்டில் அதிகம் இருப்பது தியோபுரோமின். 100 கிராம் டார்க் சாக்லேட்டில் சுமார் 800 மில்லிகிராம். ரஷ்ய வேதியியலாளர் வோஸ்கிரெசென்ஸ்கி 1841இல் இதைக் கோகோ விதையிலிருந்து பிரித்தார். குற்றாலத்துக்கு 1798இலேயே வந்து, இன்று பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளையும் கோகோவிலும் இருப்பது இதேதான்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சேர்ந்து தூக்கத்தை அழைக்கிறது. அது உட்காரும் இடத்தைக் காஃபின் பிடித்துக்கொள்வதால் தூக்கம் தள்ளிப்போகிறது. தியோபுரோமின் அளவில் அதிகம் என்றாலும், இந்த வேலையில் பலவீனமானது. ரத்தக் குழாயைச் சற்றே தளர்த்தும், சிறுநீரைக் கூட்டும். தூக்கத்தைப் பெரிதாக விரட்டாது. நாயின் உடலோ இதை மிக மெதுவாகவே வெளியேற்றுகிறது. எனவே வாசலில் காவல் காக்கும் நாய்க்குச் சாக்லேட் விஷம், ஆசைக்குக்கூடப் போடாதீர்கள்.

குடித்த காஃபினில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரமாகும். காலையில் வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டியவர்கள் டீ, காபியை ஷிப்டின் முற்பாதியிலேயே முடித்துக்கொள்வது நல்லது. நாளொன்றுக்கு மொத்தக் காஃபின் 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம். சாக்லேட்டை ருசிக்காகத் தின்னுங்கள். அதை நம்பி இயந்திரத்தின் முன் நிற்காதீர்கள்.