ஒருவருக்கே நான்கு நாற்காலி

தன் கணக்கைத் தானே தணிக்கை செய்துகொள்ள எந்த அதிகாரிக்கும் அனுமதி கிடையாது. விண்வெளித் துறையில் ஏறக்குறைய அதுதான் நடந்தது.

2005 ஜனவரி 28. இஸ்ரோவின் வர்த்தக நிறுவனமான ஆன்ட்ரிக்ஸ், பெங்களூரின் தேவாஸ் மல்டிமீடியா என்ற தனியார் கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்தது. இரண்டு செயற்கைக்கோள்களின் டிரான்ஸ்பான்டர்களில் 90 சதவீதம் 12 ஆண்டு குத்தகைக்கு. கூடவே 70 மெகாஹெர்ட்ஸ் எஸ்-பேண்ட் அலைவரிசை.

ஆன்ட்ரிக்ஸ் தலைவர் யார்? இஸ்ரோ தலைவர். துறைச் செயலர்? அவரே. விண்வெளிக் கமிஷன் தலைவர்? அவரேதான். கேள்வி கேட்க வேண்டியவரும் பதில் சொல்ல வேண்டியவரும் ஒரே ஆள்! அதே ஆண்டு முதல் செயற்கைக்கோளுக்கு ஒப்புதல் தந்த மத்திய அமைச்சரவையிடம் தேவாஸ் விவகாரம் மறைக்கப்பட்டது என்று 2012-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் குற்றம்சாட்டினார்.

2011 பிப்ரவரியில் ராணுவத் தேவையைக் காட்டி அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. வழக்கு வெடித்தது. 2015-ல் சர்வதேச நடுவர் மன்றம் ஆன்ட்ரிக்ஸ் 56.25 கோடி டாலரும் வட்டியும் தர வேண்டும் என்றது.

ஒப்பந்தமே மோசடி என்ற வாதத்தை அரசு பிறகுதான் தீவிரமாகக் கையிலெடுத்தது. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் இழப்பீட்டுத் தீர்ப்பையும் தள்ளியது. வெற்றிதான். ஆனால் மோசடிக்கு ஆன்ட்ரிக்ஸின் அன்றைய அதிகாரிகளே உடந்தை என்பதும் அந்த வாதத்தின் ஒரு பகுதி.

கடல் கடந்தும் வழக்கு ஓயவில்லை. ஆன்ட்ரிக்ஸ் மீது அமெரிக்காவில் வழக்கு நடத்த முடியாது என்ற கீழ்க்கோர்ட் தீர்ப்பை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் ரத்து செய்தது.

சர்ச்சைக்குப் பின் ஆன்ட்ரிக்ஸ் நாற்காலி தனியே பிரிக்கப்பட்டது. மற்ற மூன்றும் இன்றும் ஒருவரிடமே.