அலமாரிச் சாவி யாரிடம்?

தோழர்களே, அரூர் வட்டாரத்து உயர்நிலைப் பள்ளிகளில் நூல்கள் உண்டா என்று கேட்பது பாதிக் கேள்விதான். அவை மாணவர் கைக்கு வருகின்றனவா?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழ், இதழ்கள், கதைப் புத்தகங்களோடு நூலகம் வேண்டும் என்கிறது. ஆனால் அச்சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கும் நூலக வரியோ, 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொது நூலகங்களுக்கானது.

நூலகர் இல்லாத பள்ளியில் ஓர் ஆசிரியர் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். இருப்புப் பதிவேட்டில் ஒரு நூல் குறைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் பூட்டுகிறார். அவரைத் திட்டிப் பயனில்லை. கிழிந்ததையும் தொலைந்ததையும் கணக்கிலிருந்து கழிக்க வழி செய்தால் பூட்டுக்கு வேலையில்லை.

அம்பேத்கருக்குத் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தவர் கேளுஸ்கர் என்ற ஆசிரியர். பூங்காவில் உட்கார்ந்து படிக்கும் பையனாக அவரைக் கண்டறிந்தவரும் அவரே. எல்லாப் பிள்ளைக்கும் ஒரு கேளுஸ்கர் வாய்ப்பாரா?

சித்தேரி மலையிலிருந்து வரும் மாணவி பள்ளி விட்டதும் பேருந்துக்கு ஓடவேண்டும். ஊர் நூலகம் திறந்திருந்தாலும் அவளுக்கு மூடியதுதான். பள்ளி நேரத்தில், வாரம் ஒரு பாடவேளையில், வீட்டுக்கு எடுத்துப்போகக் கிடைக்கும் புத்தகமே அவளுக்கு நூலகம்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும் தோழர்கள் இருப்புப் பதிவேட்டைக் கேட்க வேண்டாம். வழங்கல் பதிவேட்டைக் கேளுங்கள். கடைசியாக எந்தத் தேதியில், எந்த வகுப்புப் பிள்ளை, எந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனது என்று பாருங்கள்.