விசாரணைக்குப் பின் தண்டனை



ஆசிரியப் பணியின் தொடக்கத்தில் நான் ஒரு பிழை செய்தேன். வகுப்பில் எவனோ ஒருவன் சீழ்க்கை அடித்தான். அவன் யாரென்று அறியாமல், அந்த வரிசை முழுவதையும் வெளியே நிறுத்தினேன். குற்றமற்ற சிறுவர்களும் அன்றைய பாடத்தை இழந்தனர். பிரான்சு நாட்டுச் சட்டம் ஒன்றைப் பற்றிப் படித்தபொழுது அந்நாள் நினைவுக்கு வந்தது.

பாடல்களையும் திரைப்படங்களையும் உரிமையாளரின் இசைவின்றி இணையத்தில் இறக்கிக்கொள்வோரைத் தடுக்க, 2009ஆம் ஆண்டில் அந்நாட்டரசு ‘ஹடோபி’ என்னும் சட்டத்தைக் கொண்டுவந்தது. முதலில் மின்னஞ்சல் எச்சரிக்கை. அடுத்துப் பதிவுத் தபால். அதன் பின்னும் தொடர்ந்தால் இணைப்புத் துண்டிப்பு. கலைஞனின் உழைப்புக்கு ஊதியம் வேண்டும் என்னும் நோக்கம் நேரியதே. ஆயின், இணைய முகவரி எண்ணால் அறியக்கூடுவது இணைப்பு யாருடையது என்பதேயன்றி, இறக்கியவர் யார் என்பதன்று.

அவ்வாண்டு சூன் 10ஆம் நாள் அரசியலமைப்பு மன்றம் குறுக்கிட்டது. கருத்துரிமையில் இணையத்தை அணுகும் உரிமையும் அடங்கும். அதனைத் துண்டிக்கும் அதிகாரத்தை ஓர் அரசு அலுவலகத்திடம் ஒப்படைத்தல் ஆகாது என்று தீர்ப்பளித்தது. பின்னர் அவ்வதிகாரம் நீதிபதியிடம் சென்றது. 2012இல் ஒருவருக்கு 150 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. பாடல்களை இறக்கியவரோ அவர் மனைவி! இணைப்பைக் காவாமையே அவர் குற்றமாயிற்று. 2013இல் அக்குற்றத்திற்குரிய துண்டிப்புத் தண்டனையை அரசே நீக்கிற்று. அபராதம் மட்டும் நின்றது.

பிறர் உழைப்பைத் திருடாதீர்கள். தண்டிக்கும் பொறுப்பு உங்களிடம் வரும் நாளில், முதலில் விசாரியுங்கள். அன்று நான் செய்யத் தவறியது அதுவே.