சோதனைக்கு எந்தத் தரவு?

'கூடுவாஞ்சேரி' என்று ஒரு தாளில் எழுதி எண்ணிப் பாருங்கள். ஆறு எழுத்துகள். கணிப்பொறியோ வேறு விதமாக எண்ணுகிறது. யூனிகோடு முறையில் 'கூ' என்பது 'க' ஒரு குறி, அதன் உயிர்க்குறி மற்றொன்று. இவ்வாறு ஆறு எழுத்துகளும் 12 குறிகளாகின்றன. யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு இடம் வேண்டும். ஆக 36 பைட்டு. இதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 12 பைட்டு போதும்.

கல்லூரி விண்ணப்பங்களை இணையம் வழியே பெறும் செயலி ஒன்றை நீங்கள் அமைப்பதாகக் கொள்வோம். ஊர்ப்பெயருக்கு 30 பைட்டு ஒதுக்கியுள்ளீர்கள். ஆங்கிலப் பெயர்களை மட்டும் இட்டுச் சோதித்தால் குறை வெளிப்படாது. பின்னர் ஒரு மாணவி தமிழில் எழுதும்போது ஊர் 'கூடுவாஞ்சே' என்று வெட்டுப்படலாம். விண்ணப்பமே ஏற்கப்படாமலும் போகலாம். குறை செயலியில், இழப்போ மாணவிக்கு!

அப்படியானால் சோதனைத் தரவை எவ்வாறு அமைப்பது? மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, உண்மையான விண்ணப்பங்களை நகல் எடுப்பது. எளிது, ஆனால் ஆபத்தானது. அதில் உண்மை மனிதரின் தொலைபேசி எண் இருக்கும். 'உமக்கு இடம் கிடைத்தது' என்ற சோதனைச் செய்தி அவருக்கே போய்ச் சேர்ந்தால் என்னாகும்? பெயர், எண் முதலியவற்றை மாற்றாமல் நகலைத் தொடலாகாது.

இரண்டாவது, நிலையான தொகுதி ஒன்றை முன்கூட்டியே ஆயத்தம் செய்வது. இது விரைவானது. ஆனால் ஒரு சோதனை அதைத் திருத்திவிட்டால் அடுத்த சோதனை காரணமின்றித் தோற்பதுபோல் தோன்றும். தொகுதி பழையதாகியும் விடும். 2019இல் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு பிரிந்தது. அதற்கு முந்தைய தொகுதியில் கூடுவாஞ்சேரி இன்னும் காஞ்சிபுரத்திலேயே இருக்கும்.

மூன்றாவது, ஒவ்வொரு சோதனையும் தனக்கு வேண்டியதைத் தானே ஆக்கி, முடிவில் அழித்துவிடுவது. நேரம் சற்றுக் கூடும். ஆனால் சோதனைகள் ஒன்றையொன்று கெடுப்பதில்லை. தவறு நேர்ந்தால் காரணமும் உடனே புலப்படும்.

எனவே மாவட்டப் பட்டியல் போன்ற, அரிதாக மாறுபவற்றை நிலையான தொகுதியில் வைத்து அவ்வப்போது புதுப்பியுங்கள். மாணவர், விண்ணப்பம் போன்றவற்றைச் சோதனைதோறும் புதிதாக ஆக்குங்கள். அவர்களுள் குடும்பப்பெயர் இல்லாதவரும், பிப்ரவரி 29இல் பிறந்தவரும், தமிழில் எழுதுபவரும் கட்டாயம் இடம்பெறட்டும்.

உங்கள் ஊர்ப்பெயருக்கு எத்தனை பைட்டு வேண்டும்? கணக்கிட்டுப் பாருங்களேன்!