பருந்துக் குஞ்சு அன்று, வல்லூறு!

மும்பையின் வானில் வட்டமிடுவன யாவும் பருந்தே என்பது நம்மவரிடையே வேரூன்றிய எண்ணம். பிளவுபட்ட வாலுடன் தேவனார்க் குப்பைமேட்டின்மேல் சுற்றிவருவது கரும்பருந்து, ஐயமில்லை. ஆனால் மாதுங்காவின் ஐந்து தோட்டங்களிலோ செம்பூர்க் குடியிருப்புகளின் தூங்குமூஞ்சி மரங்களிலோ, புறாவளவே உள்ள பறவையொன்று இலைமறைவிலிருந்து ஓணான்மேல் பாய்வதைக் கண்டால் அதனையும் “பருந்துக் குஞ்சு” என்று கூறிவிடுகிறோம். பருந்தின் குஞ்சு கூட்டை விட்டுப் பறக்கும்போதே தாயின் அளவை ஏறக்குறைய எட்டிவிடும். புறாவளவில் பறந்து திரியும் பருந்துக் குஞ்சு உலகில் இல்லை.

நாம் காண்பது வல்லூறு. ஊர்ப்புறத்தில் வைரி என்பாரும் உண்டு; இந்துஸ்தானியில் ஷிக்ரா. முதுகு சாம்பல் நிறம். வெண்மார்பில் செம்பழுப்பான குறுக்குக் கோடுகள் நெருங்கியிருக்கும். தொண்டையின் நடுவே மெல்லிய கோடு ஒன்று இறங்கும். ஆணின் கண் நெருப்புத் துண்டம்போல் சிவந்திருக்கும். பெண் ஆணினும் பெரியது. இளம் பறவைக்கோ முதுகு பழுப்பு, கண் மஞ்சள், மார்பில் நெடுக்காகச் சொட்டுச் சொட்டாகக் கோடுகள். இவ்வேறுபாட்டால் தாயையும் சேயையும் இருவேறு இனமென்று கருதுவோர் உளர். பறக்கும் விதத்தையும் கவனிக்க வேண்டும்: சிலமுறை விரைந்து சிறகடிக்கும், பின் வழுக்கிச் செல்லும், மீண்டும் சிறகடிக்கும்.

இனி, ஏமாற்றுக்காரர் ஒருவர் இருக்கிறார். மராத்தியர் பாவ்ஷா என்றும் தமிழர் அக்காக்குயில் என்றும் கூறும் பறவை, நிறத்திலும் பறப்பிலும் வல்லூற்றையே உரித்து வைத்திருக்கும். சிறு குருவிகளும் அஞ்சிக் கூச்சலிடும். அலகைப் பாருங்கள். வல்லூற்றின் அலகு கொக்கிபோல் வளைந்தது, இதனுடையது மெலிந்தது. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையமும் உண்டு. மழைக்கு முன்னர் மேலும் மேலும் குரலை உயர்த்திக் கூவி நம் உறக்கத்தைக் கெடுப்பவரும் இவரே!

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வல்லூறு மார்ச் முதல் ஜூன் வரை கூடு கட்டும். கோடையிறுதிக் காற்றில் குஞ்சுகள் விழுவதுண்டு. நமது குடியிருப்பில் அவ்வாறு விழுந்த ஒன்றைப் புறாக் குஞ்சென்று எண்ணிச் சிறுவர்கள் பாலும் சோறும் ஊட்டினர். மூன்றாம் நாள் அது மாண்டது. ஓணான், எலி, குருவி, பூச்சி போன்றவையே அதற்கு உணவு. அன்றியும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதனைப் பிடித்து வளர்ப்பது குற்றம்.

ஆகவே இறகு முளைத்த குஞ்சு காயமின்றிக் கிடப்பின், பூனைக்கெட்டாத கிளையில் வைத்து விலகி நில்லுங்கள். தாய் வந்து இரையூட்டும். சங்கராந்திக் காலத்து மாஞ்சா நூலில் சிறகறுந்து விழுந்ததாயின், நூலை இழுக்காமல் வெட்டிவிட்டு, துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருளாக வைத்துப் பரேலிலுள்ள பாய் சக்கர்பாய் விலங்கு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லலாம். கைக்குத் துணி சுற்றிக்கொள்ளுங்கள். அலகைக் காட்டிலும் நகமே கூரியது.