ஒரு குரல், ஊரெல்லாம் கேட்டது!

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள நல்லவாடு மீனவர் கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு டெலிபோன். பேசியவர் அந்த ஊர்ப் பிள்ளை. அங்கே வேலை பார்த்து வந்தவர். கடல் ஆபத்தைப் பற்றி எச்சரித்தார்.

சேதி ஒரு வீட்டுக்கு வந்துவிட்டது. ஊரிலோ 3,600 பேர்! வீடு வீடாகக் கதவைத் தட்டும் வரை கடல் காத்திருக்குமா?

அறிவு மையத்துக்கு ஓடினார்கள். பூட்டை உடைத்தார்கள். ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஜனங்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். படகும் வலையும் பாழாயின. உயிர்கள் தப்பின!

வில்லியனூரில் தொடக்கம்

ஊருக்குள் ஒலிபெருக்கி வந்த கதை 1998-ல் தொடங்குகிறது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரில் ஒரு நடு நிலையம் வைத்தது. அங்கிருந்து சுற்றுக் கிராமங்களுக்குக் கம்பியில்லாக் கருவி மூலம் செய்தி போனது. கரண்டு நின்றால் கைகொடுக்கச் சூரிய ஒளி மின்சாரமும் உண்டு. விளைபொருள் விலை, வைத்திய உதவி, சர்க்கார் திட்டங்கள் எல்லாம் தமிழில் கிடைத்தன.

வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியது வேறு. அமெரிக்கக் கடற்படை இன்டர்நெட்டில் வெளியிட்ட அலை உயரக் கணிப்பை எடுத்து, ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எங்கோ இருக்கும் கப்பற்படையின் கணக்கு, நம் கட்டுமரக்காரருக்குப் பயன்பட்டது! பின்னால் நல்லவாட்டிலும் மையம் வந்தது.

மடை திறந்த வயல்

ஒரு சேதியைப் பலருக்குச் சேர்ப்பது கம்ப்யூட்டர் உலகில் ஒரு தனி வேலை. அதற்கு 'மல்ட்டிகாஸ்ட்' என்று பெயர்.

ஆயிரம் வீடுகளில் ஒரே கிரிக்கெட் ஆட்டம் பார்க்கிறார்கள். ஆயிரம் நகல் அனுப்பினால் கம்பி தாங்காது. என்ன செய்வது?

பாகூர்க்காரருக்கு இது எளிதில் புரியும். ஏரித் தண்ணீர் ஒரே வாய்க்காலில்தான் வருகிறது. மடை திறந்த வயலுக்கு மட்டும் பிரிந்து போகிறது. மல்ட்டிகாஸ்டும் அப்படியே. ஒரே நகல் புறப்படும். வழி பிரியும் இடத்தில் 'ரவுட்டர்' என்ற கருவி இன்னொரு நகல் எடுக்கும். கேட்டவருக்கு மட்டுமே போகும். தண்ணீர் பிரிந்தால் குறையும், சேதி குறையாது.

ஒலிபெருக்கி வேறு ரகம். கேட்காதவர் காதிலும் விழும். ஆபத்து வேளையில் அதுதான் நல்லது.

இந்த முறைக்கு வழி வகுத்தவர் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த ஸ்டீவ் டீரிங். 1989-ல் அவர் எழுதிய விதிகள் வெளிவந்தன. 224 முதல் 239 வரை தொடங்கும் விலாச எண்கள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை.

எஞ்சினீயருக்கு என்ன வேலை?

யார் சேர்ந்தார், யார் விலகினார் என்று ரவுட்டர்கள் சரியாகக் குறிக்கின்றனவா? வேண்டாதவர் கம்பியில் போகிறதா? ஒரே சேதி சுற்றிச் சுற்றி வருகிறதா? இவற்றைப் பார்ப்பதே அவர் வேலை. பொது இன்டர்நெட்டில் இந்த முறை அவ்வளவாகப் பரவவில்லை. டெலிபோன் கம்பெனிகளின் டெலிவிஷன் சேவையிலும், பங்குச் சந்தை விலைகளை அனுப்புவதிலும் நன்றாக வேலை செய்கிறது.

ஒரு சங்கடம் உண்டு. சாதாரணமாக இதில் 'வந்து சேர்ந்தது' என்று யாரும் பதில் சொல்வதில்லை. வழியில் ஒரு துண்டு தொலைந்தால் அனுப்பியவருக்குத் தெரியாது. ஆகவே முக்கியமான சேதியை இரண்டு வழிகளில் அனுப்புகிறார்கள். ஒன்றில் தொலைந்தது மற்றதில் வந்துவிடும்.